பெயரில்லாத மண்மேடுகள்: கூல்கார்டி தங்கவயலின் தொடக்ககாலப் புதைகுழிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டியில் தங்கம் கிடைத்த செய்தி 1892 செப்டம்பரில் வெளியே வந்தது. அதன் பிறகான நான்கைந்து ஆண்டுகளில் அந்தச் செம்மண்ணில் புதைக்கப்பட்டவர்களைப் பற்றியதே இந்தப் பக்கம். அங்குள்ள கல்லறைகளின் படங்களைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கற்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கோ கல் இல்லாத இடங்களைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது.

கூல்கார்டி எங்கே இருக்கிறது? அவ்வளவு தொலைவில் போய் ஏன் குடியேறினார்கள்?

பெர்த் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 560 கிலோமீட்டர். ஆறு கிடையாது. வரைபடத்தில் ஏரி என்று எழுதியிருப்பதெல்லாம் உப்புப் பூத்த களர்நிலம். ஆர்தர் பெய்லி, வில்லியம் ஃபோர்ட் என்ற இருவர் அங்கே தங்கம் பொறுக்கினார்கள். பெய்லி 1892 செப்டம்பர் 17 அன்று 554 அவுன்ஸ் தங்கத்துடன், அதாவது 17 கிலோவுக்கும் மேலான எடையுடன், சதர்ன் கிராஸ் ஊருக்குப் போய்த் தன் உரிமையைப் பதிவு செய்தார். அன்றைக்கே அந்த ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்பார்கள்; நம்பக்கூடிய கதைதான்.

அடுத்த ஆண்டு கிழக்கே மெல்போர்னில் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. வேலையும் சேமிப்பும் போன ஆண்கள் கப்பல் ஏறி மேற்கே வந்தார்கள். மேற்கத்தியர்கள் இவர்களை ‘அந்தப் பக்கத்தார்’ என்ற பொருள்படும் ஒரு பட்டப்பெயரால் அழைத்தார்கள். பத்தாண்டு முடிவதற்குள் கூல்கார்டியில் ஏறத்தாழ 15,000 பேர் இருந்தார்கள். அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கும் ஃப்ரீமாண்டிலுக்கும் அடுத்த பெரிய ஊர் அதுதான். இன்று அங்கே ஆயிரம் பேர்கூட இல்லை.

தங்கவயல் என்றால் கோலார்தானே?

நம் காதுக்கு அப்படித்தான். கோலாரில் தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பத்தோடு போய்த் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். அங்குள்ள கல்லறைகளைத் தேடிப் போகப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். கூல்கார்டிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆட்கள். இந்த வேறுபாடு பின்னால் வரும் பல விடைகளுக்குத் தேவைப்படும்.

முதல் இடுகாடு எது? இப்போது சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது அதுதானா?

பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவதை. 1892 முதல் 1894 வரை இறந்தவர்களை ஊரை ஒட்டிய சிறிய நிலத்தில் புதைத்தார்கள். முன்னோடிகளின் இடுகாடு என்று இப்போது அதைக் குறிப்பிடுகிறார்கள். ஊர் பெருகவே அந்த இடம் போதாமல் போய், மேற்கே நெடுஞ்சாலைப் பக்கம் பெரிய கல்லறைத் தோட்டம் அமைந்தது. இரும்பு வேலி, பளிங்குச் சிலுவை, உடைந்த தூண் என்று படங்களில் வருவதெல்லாம் அங்கே எடுத்தவை.

முதல் இடுகாட்டில் காண்பதற்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. சில கற்கள், சில பலகைகள், கொஞ்சம் புதர், நிறைய வெறும் தரை. இத்தனை பேர்தானா இறந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். அந்த வெறும் தரைக்கு அடியில்தான் மற்றவர்கள் கிடக்கிறார்கள்.

எதனால் இறந்தார்கள்? சுரங்கம் இடிந்தா?

தொடக்க ஆண்டுகளில் இடிந்து விழ அங்கே பெரிய சுரங்கமே இல்லை. தங்கம் தரைமட்டத்திலேயே மண்ணோடு கலந்து கிடந்தது. வேறு நாடுகளில் இத்தகைய மண்ணைத் தண்ணீரில் அலசித் தங்கத்தைப் பிரிப்பார்கள். இங்கே அலசத் தண்ணீர் இல்லை. ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மண்ணைக் காற்றில் கொட்டினார்கள். புழுதி பறக்கும், கனமான தங்கம் கீழே விழும். களத்துமேட்டில் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதரின் இடத்தில் நுண்ணிய செம்புழுதி. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் தூற்றினார்கள். ஆழச் சுரங்கங்களும் அவற்றின் விபத்துகளும், கல்தூசி நுரையீரலை இறுக்கும் நோயும் பின்னால் வந்தன.

தாகத்தால் இறந்தவர்கள் உண்டு. வயிற்றுக்கடுப்பிலும் நிமோனியாவிலும் இறந்தவர்கள் உண்டு. ஆனால் அந்த மண்ணை நிரப்பியது டைஃபாய்டு.

வறண்ட நாட்டில் டைஃபாய்டு எப்படி வரும்? அது தண்ணீரால் பரவும் நோய் அல்லவா?

நல்ல கேள்வி. தண்ணீர் இல்லாததால்தான் வந்தது.

நோயாளியின் மலத்திலிருந்து கிருமி இன்னொருவரின் வாய்க்குப் போக வேண்டும். அவ்வளவுதான் அதற்குத் தேவை. குளிக்கவும் கைகழுவவும் துணி துவைக்கவும் தண்ணீர் தாராளமாக இருக்கும் ஊரில் இந்தப் பாதையை அடைக்கலாம். கூல்கார்டியில் குடிக்கும் தண்ணீரையே விலைக்கு வாங்கினார்கள். உப்பு ஏரிப் பக்கம் தோண்டி எடுத்த நீரை விறகு எரித்துக் காய்ச்சி, ஆவியைக் குழாய்களில் குளிர்வித்து, சொட்டியதை காலன் கணக்கில், ஷில்லிங் விலைக்கு விற்றார்கள். ஒரு காலன் என்பது நாலரை லிட்டர். அந்த விலைக்கு வாங்கிய தண்ணீரில் கை கழுவ யாருக்கு மனம் வரும்? முகம் கழுவிய நீரில் துணி அலசி, அதே நீரைக் குதிரைக்கும் வைக்கிற ஊர் அது.

மறுபக்கம், கூடாரங்களுக்கு அருகிலேயே ஆழமற்ற கழிப்பிடக் குழிகள். மொய்க்கும் ஈக்கள். மழை பெய்தால், மனிதர்கள் பயன்படுத்திய அந்தத் தரை மேல் ஓடி வந்த நீர்தான் பள்ளங்களில் தேங்கும். இலவசத் தண்ணீர் ஆயிற்றே, விடுவார்களா?

மருந்து கிடையாது. டைஃபாய்டைக் குணமாக்கும் முதல் ஆன்டிபயாடிக் 1940களின் கடைசியில்தான் வந்தது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக் காய்ச்சலைத் தணிப்பது, திட உணவு கொடுக்காமல் பால் மட்டும் கொடுப்பது, மூன்று நான்கு வாரம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது, இவைதான் அன்றைய வைத்தியம். கூடாரத்தில் தனியாகக் கிடக்கும் ஆளுக்கு இவற்றில் எதுவும் கிடைக்காது. முதலில் இருந்த மருத்துவமனையும் கித்தான் கூடாரம்தான். குடல் புண்ணாகி ஓட்டை விழுவது பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில். தேறிவிட்டான் என்று நினைத்துக் கூட்டாளி ரொட்டி கொடுத்த பிறகு சிலர் இறந்தார்கள்.

ஊரில் பாதிப் பேருக்கு மற்றப் பாதியைப் புதைப்பதே வேலை என்று அந்தக் காலத்தைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மிகைதான். ஆனால் இறந்தவர்களில் மிகப் பலர் இருபதிலும் முப்பதிலும் இருந்த ஆண்கள் என்பதால் அப்படிச் சொல்லத் தோன்றியதில் வியப்பில்லை.

பெயர்கூடத் தெரியாமல் ஒருவரை எப்படிப் புதைப்பார்கள்?

பதிவேடுகளில் ‘பெயர் தெரியாத ஆண்’ என்ற பதிவுகள் உண்மையாகவே இருக்கின்றன. அலட்சியம் என்று முதலில் தோன்றும். முழுக்க அப்படியல்ல.

அங்கே ஆளுக்கு ஆள் பட்டப்பெயரால்தான் பழகினார்கள். தலைமுடியின் நிறம், வந்த ஊர், செய்த கோமாளித்தனம் ஏதோ ஒன்று பெயராக ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதம் ஒரே கூடாரத்தில் படுத்தவருக்கும் கூட்டாளியின் தகப்பன் பெயர் தெரியாது. கடனை விட்டு வந்தவர்களும், மனைவியை விட்டு வந்தவர்களும் சொந்தப் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். கேட்பதும் மரியாதை இல்லை. காய்ச்சல் முற்றினால் பிதற்றல் வரும். அப்போது கேட்டும் பயன் இல்லை.

ஆக, ஒருவர் சாகும்போது அவர் யார் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. வேறு எங்கோ, விக்டோரியாவிலோ இங்கிலாந்தின் கார்ன்வாலிலோ, ஒரு தாய்க்கு அவர் யார் என்று நன்றாகத் தெரியும், இறந்ததுதான் தெரியாது. இந்த இரண்டு அறியாமைகளுக்கும் நடுவில் 5 அடி மண். நடுகல்லில் பெயரையும் பெருமையையும் பொறித்து வைத்த மரபில் வந்த நமக்கு, பெயர் இல்லாத புதைகுழி கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும்.

அப்படியென்றால் கல் வைத்தவர்கள் யார்?

பணமும் உறவும் இருந்தவர்கள். அதைவிட முக்கியமாக, ரயில் வந்த பிறகு இறந்தவர்கள். ரயில்பாதை 1894 ஜூலையில் சதர்ன் கிராஸ் வரைதான் வந்திருந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வண்டிப்பாதை. அந்தப் பாதையில் வண்டிக்காரனும் ஒட்டகக்காரனும் மாவும் தண்ணீரும் ஏற்றுவார்களா, பளிங்குக் கல்லை ஏற்றுவார்களா? கூல்கார்டிக்கு ரயில் வந்தது 1896 மார்ச்சில். அதற்கு முன் இறந்தவருக்குக் கிடைத்தது ஒரு மரப்பலகை, அல்லது ஆணியால் குத்திப் பெயர் எழுதிய தகரத் துண்டு. பலகையைக் கரையான் தின்றது. மிச்சத்தை வெயில் பிளந்தது.

அதனால்தான் சொல்கிறேன், அங்கே கற்களை எண்ணிச் சாவைக் கணக்கிடாதீர்கள். கற்கள் காட்டுவது சரக்குக் கட்டணத்தை. ‘இங்கே 1897க்குப் பிறகுதான் நிறைய இறப்பு’ என்று படம் பார்த்துச் சொல்பவர்கள் ரயில் வந்த தேதியைத்தான் வேறு விதமாகச் சொல்கிறார்கள்.

சவப்பெட்டி இருந்ததா? சடங்கு செய்தார்களா?

தச்சர் கிடைத்தால், மரம் கிடைத்தால் பெட்டி. மரம் என்றால் பெரும்பாலும் சரக்கு வந்த பெட்டிகளின் பலகை. இல்லையென்றால் போர்வையிலோ கூடாரத் துணியிலோ சுற்றிப் புதைத்தார்கள். பாதிரியார் இருந்தால் ஜெபம். இல்லாதபோது பைபிள் வைத்திருந்த எவரோ வாசித்தார். கோடையில் 40 டிகிரிக்கு மேல் போகும் ஊரில் காத்திருக்க முடியாது. காலையில் இறந்தவர் மாலைக்குள் மண்ணுக்குள்.

பெண்களும் குழந்தைகளும் அங்கே புதைக்கப்பட்டார்களா?

ஆம். முதலில் மிகச் சிலர். ஊர் நிலைத்த பிறகு குடும்பங்கள் வந்தன, குழந்தைக் கல்லறைகளும் வந்தன. கோடையின் வயிற்றுப்போக்கு கைக்குழந்தைகளைக் கூட்டமாகக் கொண்டுபோனது. பெரிய கல்லறைத் தோட்டத்தில் நெருங்கி நிற்கும் சிறு இரும்பு வேலிகளைப் பார்த்தால் தொட்டில் என்றே நினைப்பீர்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வந்த செவிலியர்களும் அதே காய்ச்சலில் விழுந்தார்கள்.

சமய வாரியாகப் பிரித்துப் புதைத்தார்களா? ஆப்கானியர் கல்லறைகள் என்கிறார்களே?

ஆங்கிலிக்கன், கத்தோலிக்க, மெதடிஸ்ட் என்று கிறிஸ்தவர்களுக்குள்ளேயே பகுதிகள் பிரிந்தன. முஸ்லிம்களுக்குத் தனிப் பகுதி. அங்கே கபர்கள் மக்காவை நோக்கியவை.

‘ஆப்கானியர்’ என்பது அன்றைய ஆஸ்திரேலியாவில் ஒட்டகம் ஓட்டிய அனைவருக்கும் போட்ட பொதுப்பெயர். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களோடு பலூசிஸ்தான், பஞ்சாப், சிந்து, வடமேற்கு எல்லைப்புறம் ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்களும் அதில் அடக்கம். அன்றைய கணக்கில் அவர்களில் பலர் பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமக்கள். குதிரைகள் தாகத்தில் விழுந்த பாதைகளில் மாவையும் கருவிகளையும் தண்ணீரையும் கொண்டுவந்தவை இவர்களின் ஒட்டகங்கள். அப்படியிருந்தும் 1886ஆம் ஆண்டின் தங்கவயல் சட்டம் ஆசியர்களுக்குத் தங்கம் தோண்டும் உரிமைச்சீட்டு தரக்கூடாது என்றது. சோறு கொண்டுவரலாம், தோண்டக் கூடாது.

அவர்களில் பெரிய வணிகர்கள் ஃபைஸ் மஹமத், டாக் மஹமத் என்ற சகோதரர்கள். 1896 ஜனவரியில் டாக் மஹமத் கூல்கார்டிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரும் ஒட்டகக்காரர்களில் ஒருவர்தான், அவர் தூக்கிலிடப்பட்டார். டாக் மஹமதின் கபர் கூல்கார்டியில் இருக்கிறது. பள்ளிவாசல் இல்லை. அது இருந்ததற்கு இன்று அந்த ஊரில் மிஞ்சிய சாட்சிகளில் இந்தக் கபரும் ஒன்று.

புகழ்பெற்றவர்கள் யாராவது?

எர்னஸ்ட் ஜைல்ஸ். 1875இல் ஒட்டகங்களோடு தென் ஆஸ்திரேலியாவிலிருந்து பெர்த் வரை பாலைநிலத்தைக் கடந்து, அடுத்த ஆண்டே வேறு வழியில் திரும்பி நடந்தவர். அந்தப் பயணத்தில் ஒட்டகங்களைக் கவனித்துக்கொண்டவர் சாலே என்ற ஆப்கானியர். அதற்கு முந்தைய பயணம் ஒன்றில், 1874இல், ஜைல்ஸ் ஆல்ஃபிரட் கிப்சன் என்ற துணையாளைப் பாலையில் தொலைத்தார். உடல் கிடைக்கவே இல்லை. கிப்சன் பாலைவனம் என்று அந்த இடத்துக்குப் பெயர் வைத்ததும் ஜைல்ஸ்தான். ஒரு பாலைவனமே கல்லறைக் கல்லானது கிப்சனுக்கு மட்டும்தான்.

லண்டன் ராயல் புவியியல் கழகம் 1880இல் ஜைல்ஸுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. காலனி அரசுகள் வேலை கொடுக்கவில்லை. சூதாடுகிறார், குடிக்கிறார் என்று ஆளுநர் மட்டத்தில் குறை சொன்னார்கள். கடைசியில் கூல்கார்டியில் ஒரு சுரங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து 1897 நவம்பர் 13 அன்று நிமோனியாவில் இறந்தார். அவருக்குக் கல் உண்டு, நல்ல பெரிய கல். வருகிறவர்கள் நேராக அங்கேதான் போகிறார்கள்.

தங்கத்தை முதலில் கண்டுபிடித்தவர்களும் அங்கேதானே இருப்பார்கள்?

இல்லை. பெய்லி பணத்தோடு விக்டோரியாவுக்குத் திரும்பி நிலம் வாங்கினார்; 1896இல், 31 வயதில், அங்கேயே இறந்தார். பக்கத்து ஊரான கல்கூர்லியில் 1893இல் தங்கம் கண்ட பேடி ஹானன் புதைக்கப்பட்டது மெல்போர்னில்.

பூர்வகுடி மக்களின் புதைகுழிகள்?

அந்த மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்தார்கள், இறந்தார்கள். ‘முதல் இடுகாடு’ என்று நான் மேலே எழுதியது வந்தேறிகளின் முதல் இடுகாட்டை மட்டுமே குறிக்கும். பாறைக்குழிகளில் மழைநீரைக் காத்துவைத்துக் குடித்தவர்கள் அவர்கள். தங்கம் தேடி வந்தவர்கள் அந்தக் குழிகளைக் கண்டுபிடித்து ஒரே வாரத்தில் குதிரைகளுக்குக் காலி செய்தார்கள். அதனால் பூர்வகுடிகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது எந்தக் கல்லறைப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

சாவு எப்போது குறைந்தது?

கிணறு, கழிவகற்றல், மருத்துவமனை என்று ஒவ்வொன்றாக வந்தபோது கொஞ்சம். உண்மையான மாற்றம் குழாய். பெர்த்துக்கு அருகே மண்டாரிங்கில் அணை கட்டி, எட்டு நீரேற்று நிலையங்கள் வைத்து, 500 கிலோமீட்டருக்கும் மேல் எஃகுக்குழாயில் தண்ணீரைத் தள்ளும் திட்டத்தை வடிவமைத்தவர் பொறியாளர் சி. வை. ஓ’கானர். பைத்தியக்காரத் திட்டம், ஊழல் என்று பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. 1902 மார்ச்சில் ஓ’கானர் தற்கொலை செய்துகொண்டார். 1903 ஜனவரி 24 அன்று கூல்கார்டியில் குழாய் திறக்கப்பட்டது, அன்றே கல்கூர்லியிலும். அப்போது கூல்கார்டியின் தங்கம் வற்றத் தொடங்கி, ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பத்தாண்டு தாமதமாக வந்தது.

கல்லறைக்கு அடியில் தங்கம் கிடைத்தது என்பது உண்மையா?

கூல்கார்டியில் அல்ல, கல்கூர்லிக்கு வடகிழக்கே 20 கிலோமீட்டரில் இருந்த கனோனாவில் வழங்கும் கதை அது. அங்கே இடுகாட்டுப் பக்கம் ஓடிய பொன்படுகைக்குக் ‘கல்லறைப் படுகை’ என்றே பெயர். ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்ந்த கனோனாவில் இன்று ஒரு வீடும் இல்லை. கல்லறைகள் இருக்கின்றன.

இப்படிக் காணாமல் போன ஒருவரைத் தேடுவது எப்படி?

கல்லில் தொடங்காதீர்கள். மேற்கு ஆஸ்திரேலிய அரசின் இறப்புப் பதிவேட்டில் தொடங்குங்கள். அடுத்தது கல்லறைப் பதிவேடு. பெயரை ஐந்தாறு விதமாக எழுதித் தேட வேண்டும், ஏனென்றால் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். காரணம் ‘காய்ச்சல்’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் டைஃபாய்டு என்றே கொள்ளலாம். பிறகு செய்தித்தாள்கள்: ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் அந்தக் காலப் பத்திரிகைகளை இலவசமாகத் தேடலாம். ‘எங்கள் மகனைப் பற்றித் தகவல் தெரிந்தவர்கள்’ என்று பெற்றோர் கொடுத்த விளம்பரங்கள் அவற்றில் வருகின்றன. விளம்பரத்தின் தேதியையும் பெயர் தெரியாதவர்களின் பதிவுத் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எப்போதாவது பொருந்தும்.

நேரில் போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்லது. எழுத்து மங்கிய கல்லைச் சுரண்டாதீர்கள். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் தானே படிக்க வரும். முதல் இடுகாட்டில் வெறும் தரை போலத் தெரியும் இடத்திலும் பார்த்து நடங்கள். பெர்த்திலிருந்து காரில் போனால் சாலையோரம் நெடுந்தூரம் ஓ’கானரின் குழாய் கூடவே வரும். கூல்கார்டி இன்றும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.